நெற்றிக்கு வந்த ராஜா

நெடுங்கரை மேலத்தெருவில் ராஜா நெற்றிக்கு வந்தது ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தண்ணீர் விடுகிற முறை என்பதால் ஆணும் பெண்ணுமாகத் தெருவே குடத்தோடு குழாயடியில் நின்றது, ஆகையால் வந்ததை யாரும் ஒளித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. தையல்கடைக் கொம்பையாவின் நெற்றியில்தான் முதலில் பார்த்தார்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவில், சற்று மேலே, ஒரு வெள்ளி ரூபாய் அகலத்துக்குத் தோல் தடித்து எழும்பி, அதில் கிரீடம் வைத்த ஒரு தலை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தாடி இருந்தது, தோளில் அங்கி இருந்தது, அங்கியின்மேல் மணிமணியாகச் சங்கிலி இருந்தது, சுற்றிவர இங்கிலீஷ் எழுத்து புருவத்தில் தொடங்கி மயிர்க்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"என்ன வே, ராத்திரி மிஷின்மேலேயே கவுந்து தூங்கிட்டீராக்கும்?" என்றாள் பின்னால் நின்றவள்.

"என் நெத்தியை அப்புறம் பாரு. முதல்ல உன் நெத்தியைத் தடவிப் பாரு தாயி" என்றார் கொம்பையா.

அவள் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் தடவிப் பார்த்தார். குடங்கள் நிரம்பி வழிந்து, தண்ணீர் தெருவோடு ஓடி, சாக்கடையில் விழுந்து, வால்வு போடுகிறவன் வந்து நிறுத்திவிட்டுப் போன பிறகும் எல்லோரும் ஒரு கை நெற்றியிலும் ஒரு கை இடுப்பிலுமாக நின்றுகொண்டிருந்தார்கள். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஏன் வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. யாருக்கெல்லாம் வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்பதைப் பார்த்தவுடனேயே ஏன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு நெற்றிக்காசு உண்டு. மற்ற ஊர்களிலும் செத்தவர் நெற்றியில் ஒரு காசு ஒட்டித்தான் அனுப்புவார்கள், அது சுடுகாட்டோடு போய்விடும். மேலத்தெருக் காசு மட்டும் திரும்பி வரும். ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயைச் சந்தனத்தில் தோய்த்து நெற்றியில் பதித்து, பாடை ஆற்றங்கரைக்குப் போய்ச் சிதையில் ஏறும் முன்னால் அதை எடுத்துக்கொண்டு, சுடலை காக்கிறவருக்கு நடப்புக் காசு கொடுத்துவிட்டு, பழையதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து, அடுத்த சாவுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்பன் நெற்றியில் இருந்தது மகன் நெற்றிக்கு, மாமியார் நெற்றியில் இருந்தது மருமகள் நெற்றிக்கு என்று ஒரே காசு ஒரு குடும்பத்தையே ஒவ்வொருவராகத் தொட்டு வழியனுப்பும். ராஜா செத்து, ராஜாவின் மகன் செத்து, ராஜாக்களே இல்லாமல் போய், கடைத்தெருவில் செல்லாக் காசான பிறகும் மேலத்தெருச் சாவுக்கு அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

அதற்கு விலை உண்டு என்பது செல்போன் வந்த பிறகுதான் தெரிந்தது. "இந்தக் காசு உங்க வீட்டுல இருக்கா, நீங்கதான் லட்சாதிபதி" என்று யாரோ ஒரு பையன் கத்துகிற வீடியோ வீடு வீடாகச் சுற்றியது. பங்குனியில் நாகர்கோவிலிலிருந்து பழைய காசு வாங்குகிற தேவசகாயம் வந்து, கல்யாண மண்டபத்தில் பச்சைத் துணி விரித்து, கண்ணில் லென்ஸ் சொருகி உட்கார்ந்தார். நல்ல மனுஷன். லட்சமெல்லாம் வீடியோவில்தான், அம்பது வருஷமாக யாரோ தேய்த்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். "சாமிக்கு முடிஞ்ச காசு, சாவுக்கு வச்ச காசு ரெண்டும் நான் வாங்கமாட்டேன். அப்படி இருந்தாச் சொல்லிருங்க."

"சும்மா பரண்ல கிடந்தது" என்றார் கொம்பையா. அவருக்கு அடுத்தவரும் பரணில் கிடந்தது என்றார். அன்றைக்கு மேலத்தெருவில் அத்தனை வீட்டுக்கும் பரண் இருந்தது.

பிரமநாயகமும் அந்த வரிசையில் நின்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர். நாற்பத்தேழு வயதில் நரை காதோரம் மட்டும் வந்து, மரியாதையாகப் பேசி, மரியாதையாக நடத்தப்படுகிறவர். அவர் கையில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று அவர் வீட்டுக் காசு. இன்னொன்று அக்காளுடையது. அக்கா ஆவுடை நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறாள். கணவன் செத்துப்போய், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு, ஓட்டு வீட்டில் பாதுகாப்பில்லை என்று தன் முடிச்சைத் தம்பியின் பீரோவில் வைத்திருந்தாள்.

தேவசகாயம் முதலில் தம்பி வீட்டுக் காசைப் பார்த்தார். தாடி இல்லாத ராஜா. "இது மகன். வெள்ளி பாதி, கலப்பு பாதி. வீட்டுலயே வச்சிருங்க" என்று தள்ளினார். அக்காள் காசைப் பார்த்தபோது லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது தாடிக்கார ராஜா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணாம் வருஷத்துக் காசு. அங்கியில ஒரு யானை தொங்குது பாத்தீங்களா? தும்பிக்கையைக் குட்டையா அடிச்சுட்டான். பாக்கப் பன்னி மாதிரி இருக்குன்னு ஊரே கூச்சல் போட்டதுல, மிச்சத்தை எல்லாம் திரும்ப வாங்கி உருக்கிட்டான். உருக்காம தப்பிச்சது கொஞ்சம்தான்." குரலைத் தாழ்த்தி ஒரு விலை சொன்னார். "இது எங்க கிடந்தது?"

"பரண்ல" என்றார் பிரமநாயகம்.

அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் ஓடியது பெரிய பாவமாக ஒன்றும் இல்லை. யானையோ பன்றியோ, ராஜா ராஜாதான். செத்தவர் எழுந்து வருஷத்தைப் படிக்கப் போவதில்லை. அக்காள் முடிச்சில் தன் வீட்டுக் காசை வைத்துவிட்டால் அவள் சாவுக்கும் ஒரு ராஜா ஆயிற்று. தன் வீட்டுக்கு வேறு ஒன்று சல்லிசாக வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து, தாடியில்லாத ராஜாவை அக்காள் துணியில் முடிந்தார். தன் துணியை வெறுமையாக விட்டால் மனைவி கைக்குத் தட்டுப்படும் என்று கடையிலிருந்து ஒரு இரும்பு வாஷரை எடுத்து அதில் முடிந்தார். வந்த பணத்தில் வீட்டு முகப்புக்குக் கறுப்புக் கிரானைட் பதித்தார். அதில் போகிறவர் வருகிறவர் முகமெல்லாம் தெரியும். ஆவுடைகூட ஒருநாள் அதன் முன்னால் நின்று கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "கண்ணாடியே வேண்டாம் போல இருக்கேலே" என்று மெச்சிவிட்டுப் போனாள்.

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராஜா வந்தபோது, விற்ற காசு யாருடையதோ அவர் நெற்றிக்கே வந்தார். எடுத்துக்கொண்டு போய் விற்ற கை யாருடையது என்று அவர் பார்க்கவில்லை. பிரமநாயகத்தின் நெற்றி, குழந்தையின் நெற்றி மாதிரி வெறிச்சென்று இருந்தது. ஆவுடையின் நெற்றியில் தாடியோடும் அங்கியோடும், அங்கியில் தும்பிக்கை குட்டையான யானையோடும் ராஜா வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் அவள் வந்தாள். முந்தானையால் நெற்றியை மூடியிருக்கவில்லை. "என் முடிச்சைக் கொடு" என்றாள். அவர் பீரோவைத் திறந்து கொடுத்தார். அங்கேயே நின்று அவிழ்த்தாள். உள்ளங்கையில் மழுமழுத்த கன்னத்தோடு கிடந்த மகன் ராஜாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் நெற்றியில் விரலை வைத்து, மோவாய்ப் பக்கம் தாடி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு முன்பைவிட இறுக்கமாக முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அம்மா சாப்பிட்டாளா?" என்று உள்ளறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"கஞ்சி குடிச்சா" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு.

குழாயடியில் கொம்பையா அவளைப் பிடித்துக்கொண்டார். தன் குற்றத்துக்குத் துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "ஆவுடைக்கா, நீயுமா? மாமா நெத்தியில வச்ச காசாச்சே!"

"ஆமா வே. வித்தேன். என்ன இப்ப?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலு வீடு தள்ளிக் கிரானைட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் காதில் அது விழுந்தது.

ராஜா போய்விடுவார் என்று முதலில் நினைத்தார்கள். பாளையங்கோட்டை டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு பட்டதும் ராஜா பளபளத்தார். போகமாட்டார் என்று தெரிந்த பிறகு, மழையோடும் வெயிலோடும் வாழ்வது மாதிரி அவரோடும் வாழப் பழகினார்கள். ஆண்கள் துண்டைத் தலைப்பாகையாக இறக்கிக் கட்டினார்கள், பெண்கள் நடுவகிட்டைக் கலைத்து முன்முடியை முன்னால் விட்டார்கள். திருநீறு பூசினால் ராஜாவின் மூக்குக்குக் கீழே தங்கி மீசை நரைத்தது. குங்குமம் வைத்தால் கன்னத்தில் மருவாக நின்றது. காய்ச்சல் வந்தால் ராஜாவின் காதுதான் முதலில் சுட்டது. இ-சேவை மையத்தில் ஆதார் படம் எடுக்கப் போனவர்களைப் பார்த்து, கம்ப்யூட்டர் ரெண்டு முகம் காட்டுகிறது, ஒருத்தர் மட்டும் உட்காருங்க என்று அங்கிருந்த பெண் அதட்டினாள். பிள்ளைகள் அப்பாவின் மடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தார்கள். கொம்பையா மட்டும், "கொடுத்துவச்சவன்யா நான், தெனமும் ராஜா முகத்துலதானே முழிக்கேன்" என்று சொல்லிக்கொண்டு அலைந்தார். தலைப்பாகையை மட்டும் அவரும் அவிழ்க்கவில்லை.

சேதி பரவி, காசு சேர்க்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். ஆளை உட்கார வைத்து, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து, "கிரீடத்துல தேய்மானம் இல்லை, அங்கி கொஞ்சம் மழுங்கல்" என்று தங்களுக்குள் தரம் பிரித்துக்கொண்டார்கள். ஆவுடையின் நெற்றியை ஒருவர் விரல்நுனியால் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். "அம்மா, இப்படி ஒண்ணை நான் கையில தொட்டதே இல்லை." அவள், "தொட்டாச்சுல்லா, எடத்தைக் காலி பண்ணும்" என்றாள். தேவசகாயமும் ஒருமுறை வந்தார். தெருமுனையில் நின்று நெற்றிகளைப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். காசெல்லாம் எப்போதோ வடக்கே கைமாறிப் போயிருந்தது.

தெரு பழகிக்கொண்டாலும் சாவு பழகிக்கொள்ளவில்லை. செத்தவர்களின் காசை விற்றவர்கள் செத்தவர்களைத் தொடலாகாது என்று கோயில் கமிட்டியில் முடிவாயிற்று. முடிவு சொன்னவர் தலைவர் சட்டநாதன். அவர் வீட்டுக் காசு ஒரு வெள்ளத்தில் ஆற்றோடு போயிருந்தபடியால், விற்க ஒன்றுமில்லாமல் சுத்தமாக இருந்தார்.

அந்த முடிவு ஆவுடையின் தலையில்தான் விழுந்தது. மேலத்தெருவில் ஒரு பெண் செத்தால், குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, நெற்றியில் காசு வைப்பது அவள்தான். யாரும் நியமிக்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. அவள் சந்தனத்தை எந்தப் பதத்தில் குழைப்பாளோ, அவள் வைத்த காசு ஆற்றங்கரை போகும்வரை அசையாது. சண்டை போட்ட மருமகள்கூட, "எனக்கு நீதான் வைக்கணும் ஆவுடை மதினி" என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைப்பாள். கணவன் போன பிறகு விசேஷ வீடுகளில் பின்வரிசைக்குப் போனவளுக்கு, சாவு வீட்டில் மட்டும் முன்வரிசை மிச்சமிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஆடியில் தெருக்கோடியில் ஒருத்தி செத்தபோது ஆவுடை குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றாள். பறை கிளம்பி, அவள் வாசலைத் தாண்டிப் போன பிறகும் ஈரத்தலையோடு நின்றாள். பிரமநாயகம் பாடைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவரைத்தான் எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். காசே இல்லாததால் சுத்தமானவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். வைத்திருந்தும், வரிசைவரை போயும் விற்காமல் திரும்பியவர் அவர் ஒருவர்தான். தெருவுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அவரிடம்தான் வந்து விசாரித்தார்கள். கோயில் உண்டியல் சாவி அவர் கைக்கு வந்தது. ஆவணியில் அம்மன் கொடைத் திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பூசாரி பட்டுத்துணியை நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போடும்போது, "இந்த நெத்திக்குக் கட்ட என் கை புண்ணியம் பண்ணிருக்கு" என்றார். கூட்டத்தின் கடைசியில், விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், ராஜா வைத்த நெற்றிக்காரர்களோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். பரிவட்டத்துக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் பூசாரி தீர்த்தத்தை விட்டார். அதைக் குடித்துவிட்டார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் அந்தச் சொல் முந்தின நாளைவிடக் கனமாகியிருந்தது.

ஆவுடை அவரிடம் முகம் கொடுக்காமல் இல்லை. தினமும் வந்து, அவர் வீட்டில் படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுப் போனாள். பார்வை போன அம்மா மகள் முகத்தைத் தடவி, "நெத்தியில என்னட்டி கட்டி?" என்பாள். "கதவுல இடிச்சுக்கிட்டேம்மா" என்பாள் ஆவுடை. அடுத்த அறையில் பிரமநாயகம் செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

புரட்டாசியில் ஒரு முற்பகலில், ஆவுடை துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா போய்ச் சேர்ந்தாள்.

பந்தல் போட்டு, நாற்காலி வந்து, தெரு கூடிற்று. குளிப்பாட்டலுக்கு ஆவுடையை விடவில்லை. "பெத்த மகளாச்சே" என்று ஒன்றிரண்டு பெண்கள் முனகினார்கள், சட்டநாதன், "முறைன்னு ஒண்ணு வச்சா எல்லாருக்கும் ஒண்ணுதான் தாயி. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று தன்மையாகத்தான் சொன்னார். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, கட்டத் தெரியாத இன்னொருத்தி தப்பும் தவறுமாகச் சேலை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

"பிரமநாயகம், காசை எடுத்துட்டு வாப்பா" என்றார் சட்டநாதன். "மேலத்தெருவுல மிச்சமிருக்க ஒரே காசு. உங்க அம்மை கொடுத்துவச்சவ."

அவர் உள்ளே போனார். பீரோவைத் திறந்து, வாஷர் முடிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ராஜாவின் நடுவில் ஓட்டை இருக்காது என்பதைத் தவிர அவருக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. கொல்லைக் கதவு திறந்தது. ஆவுடை வந்து, இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து, அவிழ்த்து, காசை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"உங்க வீட்டுக் காசுதான். கொண்டுபோய் வை. சந்தனத்துல தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டாளுக. ஒரு நிமிஷம் அழுத்திப் புடி, இல்லேன்னா வழுக்கிரும்."

"எக்கா…"

"போலே. அம்மை காத்துக்கிட்டு இருக்கா."

அவர் வெளியே வந்தார். அம்மாவின் நெற்றி சுருக்கமெல்லாம் விட்டுத் தெளிவாக இருந்தது. குனிந்து காசைச் சந்தனத்தில் தோய்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அழுத்திப் பிடிப்பதற்காக அவர் கட்டைவிரலை வைத்தபோது, அந்தக் காசு அக்காள் இடுப்புச் சூட்டோடு இருந்தது. அது அவர் விரல் வழியாக ஏறியது. கையை எடுத்துவிட்டார். காசு நழுவித் தலையணையில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் சந்தனம் கொடுங்கட்டி" என்றார் சட்டநாதன்.

"நான் வைக்கக்கூடாது" என்றார் பிரமநாயகம். "அக்கா வைக்கட்டும்."

"என்னப்பா பேசுத? அவ நெத்தியப் பாரு."

"அவ நெத்தியில இருக்கது நான் வித்தது."

யாருக்கும் புரியவில்லை. அவர் திரும்பவும் சொன்னார். அக்காள் முடிச்சை, அவளுக்குத் தெரியாமல், தான் அவிழ்த்ததையும், மாற்றி முடிந்ததையும், பச்சைத் துணியையும், பரணையும், கிரானைட்டையும் சொன்னார். சொல்லச் சொல்ல வார்த்தை தானாக வந்தது, நெஞ்சில் இருந்த கல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுற்று உருண்டு இறங்கியது, கடைசிச் சொல் வந்தபோது அவர் உடம்பு இலேசாகி, வெட்கக்கேடு, பசிகூட எடுத்தது.

முதலில் அசைந்தவர் கொம்பையாதான். தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய ராஜா மூன்று மாதம் கழித்து வெளிச்சத்தைப் பார்த்தார்.

"நாங்க எங்க காசைத்தாம்வே வித்தோம்" என்றார்.

அங்கங்கே தலைப்பாகைகள் அவிழ்ந்தன. பெண்கள் முன்முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். பந்தல் முழுக்கத் தாடி வைத்த ராஜாக்கள், அவரைப் பார்க்காமல் இடப்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடை எழுந்து வந்தாள். சந்தனத்தை வழித்துப் புதிதாகக் குழைத்தாள். சுற்றிய சேலையைப் பிரித்துச் சரியாகச் சுற்றினாள். காசை வைத்தாள். அது ஆற்றங்கரை போகும்வரை அசையவில்லை.

அதற்குப் பிறகு, ராஜா தன் நெற்றிக்கு வருவார் என்று பிரமநாயகம் காத்திருந்தார். சொன்னவுடன் வரவேண்டும் என்பதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது. விடியும்போதெல்லாம் கிரானைட் முன்னால் போய் நின்று பார்த்தார். கறுப்புக் கல்லுக்குள் வெறும் நெற்றி தெரிந்தது. ராஜா வரவும் இல்லை, அக்காளை விட்டுப் போகவும் இல்லை. தெருவில் இப்போது மூடுகிறவர்கள் யாரும் இல்லை. தையல்கடையில் கொம்பையா நெற்றியில் எண்ணெய் தடவி ராஜாவை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டநாதன் நெற்றி நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு வெளியே வந்தார். வெறும் நெற்றியைப் பார்த்து யாரும் தன்னையும் பிரமநாயகம் மாதிரி ஆளென்று நினைத்துவிடக் கூடாதே என்றார். துண்டைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர் பிரமநாயகம் ஒருவர்தான். உண்டியல் சாவியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. அவராகக் கொண்டுபோய்ப் பூசாரி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்றைக்கு, ஆவுடை கொல்லையில் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவர் போய்ப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"எக்கா, ஏதாவது சொல்லு. ரெண்டு அடியாவது அடி."

"எதுக்கு? உனக்குச் சொகமா இருக்கவா?" என்றாள். கை நிற்கவில்லை.

"நான்தான் எல்லார் முன்னாலேயும் சொல்லிட்டேனே."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சொன்னே. சொல்லி முடிச்சதும் உன் மூஞ்சி எப்படித் தெளிஞ்சுதுன்னு நான் பாத்தேன்லா. பந்தல்ல அம்மை கிடக்கா, நீ நெல்லு மூட்டையை எறக்கி வச்ச மாடு மாதிரி மூச்சு விடுத." நெற்றியில் வழிந்த வேர்வையைப் புறங்கையால், ராஜாவின் தாடியோடு சேர்த்துத் துடைத்தாள். "காசை வித்தே. சரி, அது உங்க மச்சான் வீட்டுக் காசு, போனாப் போவுது. தம்பி பேரு கெட்டுறக்கூடாதுன்னு ஒண்ணைச் சொமந்தேன் பாரு, ஊரே என்னை ஏசும்போது உள்ளுக்குள்ள ஒண்ணு வச்சிருந்தேன் பாரு, அது என்னுது. என் கையில மிச்சமிருந்ததே அது ஒண்ணுதான். அதையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டுப் போயி வித்துட்டியேலே."

அவர் தலையில் இருந்த துண்டைப் புருவத்துக்கு இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கீழத்தெருவில் ஒரு பெண் இறந்துவிட்டாளாம். அங்கே நெற்றிக்காசு வழக்கமே கிடையாது, இருந்தாலும் ஆவுடைக்கா வந்து ஒருதரம் செத்தவள் நெற்றியோடு நெற்றி வைத்து அனுப்பினால் போதும் என்று கேட்டு ஆள் வந்திருந்தது. ஆவுடை கையைக் கழுவினாள். சேலையை உதறிச் சொருகினாள். உள்ளே போய்த் திருநீற்று மரக்கிண்ணத்தை எடுத்துத் தானும் பூசிக்கொண்டு, வாசல்படியில் நின்ற தம்பியைப் பார்த்தாள். காரியம் கழிந்த நாள். மூத்தவள் இளையவனுக்குப் பூசிவிட வேண்டும். அது முறை.

"துண்டை எடு" என்றாள்.

எடுத்தார். குனிந்தார். அவளுடைய கட்டைவிரல், காலமெல்லாம் செத்தவர்களின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன விரல், இந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டிலிருந்து அந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டுவரை மெதுவாக ஓடியது. எங்காவது, ஒரு மயிரிழை மேடாவது, அந்த விரல் தடுக்கி நிற்காதா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். விரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அது ஓடி முடிந்து, எடுபட்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்ட பிறகும் அவர் குனிந்தபடியே நின்றார்.